குலாபி வீட்டுக் கிணற்றின் பக்கம்

குந்தாபுரா
2 மே 2022

அன்புள்ள வாரிஜா,

ஒருவர் நமக்குச் சொல்லாமல் ஒரு காரியத்தைச் செய்யும்போது, நாம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று நினைத்துச் செய்கிறாரா, அல்லது எப்படியும் கண்டுபிடித்துக்கொள்வாள், நாமாகச் சொல்லும் சங்கடமாவது மிச்சம் என்று நினைத்துச் செய்கிறாரா? இரண்டு நாளாக யோசிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. உன்னைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். நீயே சொல்.

சனிக்கிழமை அமாவாசை. உப்பங்கழியில் கடல் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. வழக்கம்போல உப்புமானியை எடுத்துக்கொண்டு நாம் உப்பு அளக்கும் கிணறுகளுக்குப் போனேன். கடைசியாகக் குலாபி வீடு. வாளியை இழுத்துக்கொண்டே, "போன தடவ எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டாள். சொல்லலாமே என்று ஃபோனில் நம் இணையதளத்தைத் திறந்தேன். கிணறுகளின் பட்டியலில் தேவஸ்தானக் கிணறு இருந்தது, பள்ளிக்கூடக் கிணறு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய குலாபி வீட்டுக் கிணறு இல்லை.

"காணோமே குலாபி" என்றேன்.

"கிணத்துக்கிட்ட நின்னுட்டுக் கிணத்தக் காணோங்கறீங்க! என் ஃபோன்ல இருக்கு பாருங்க."

இருந்தது. நான் எப்போதோ அனுப்பிய அந்தப் பக்கத்தின் முகவரியை அவள் அப்படியே வைத்திருக்கிறாள். தொட்டதும் திறந்தது. ஆனால் மார்ச் வரைதான் அளவுகள் இருந்தன. ஏப்ரலில் நான் உனக்கு அனுப்பியவை சேரவில்லை.

"ஒங்க ஃபோன் பழசு டீச்சர். காலேஜுல இத்தன வருஷம் சம்பளம் வாங்கறீங்க, யாருக்குத்தான் சேத்து வெக்கறீங்களோ!"

ஃபோன் பழசுதான். ஆனால் காரணம் அதுவல்ல. நீ ஏற்றும்போது புதியவை போய்ச் சேருமே தவிர, சர்வரில் முன்பே கிடப்பவை தாமாக அழியாது என்று நீதான் எனக்குச் சொன்னாய். பட்டியலிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்தாலும் அது பழைய முகவரியில் கிடக்கும். போவதற்கு வழிதான் இருக்காது. ஆக, யாரோ எடுத்திருக்கிறார்கள். அளவுகளை எழுதுவது நான். ஏற்றுவது நீ ஒருத்திதான்.

இருபத்தாறாம் தேதி பஞ்சாயத்து மண்டபத்தில் விசாரணை. மீன்வளத் துறை அதிகாரி வருகிறார். குலாபி வீட்டின் பின்னால் இருக்கும் இறால் பண்ணைக்கு இன்னும் ஐந்து வருட அனுமதி தரலாமா என்று அன்றுதான் முடிவு. பண்ணை வந்த பிறகுதான் என் கிணறு உப்பானது, வேண்டுமானால் தளத்தில் பாருங்கள் என்று குலாபி மனுவில் எழுதியிருக்கிறாள். மனுவை எழுதிக் கொடுத்தது நான். வலிக்கிற முழங்காலோடு இப்போது தேவஸ்தானக் கிணற்றிலிருந்து குடிதண்ணீர் சுமக்கிறாள்.

வெயில் தாங்கவில்லை. முண்டப்பா மாம்பழம் வந்துவிட்டது. அனுப்ப ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன். நிஷ்மிதாவைக் கேட்டதாகச் சொல்.

உன்
கஸ்தூரி


பெங்களூரு
4 மே 2022

என் கஸ்தூ,

அடி மாராய்த்தி, இதற்குப் போய் இரண்டு நாள் யோசித்தாயா? யோசிப்பதற்கு உனக்கு ஒரு சாக்கு வேண்டும். கொணாஜெயில் படித்தபோது விடுதிச் சாம்பாரில் உப்பு குறைந்தாலே அதற்குக் காரணம் சமையற்காரரா நிர்வாகமா என்று ஒரு வாரம் ஆராய்ந்தவள்தானே நீ.

ஒன்றுமில்லை. மார்ச்சில் பக்கங்களின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றினேன், ஃபோனில் எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று. அப்போது பட்டியலிலிருந்து ஒன்று நழுவியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிசெய்துவிடுகிறேன். குலாபி ஃபோனில் திறக்கிற அந்த முகவரியை மட்டும் ஓர் எழுத்து விடாமல் எனக்கு அனுப்பு. எங்கே தவறியது என்று பார்க்க அது வேண்டும்.

நல்ல செய்தி ஒன்று. நிஷ்மிதாவுக்கு ஓர் இடம் கூடிவந்திருக்கிறது. போன முறை புடவை எடுத்த பிறகு நின்றுபோனதில் என் பெண் எப்படி ஆகிவிட்டாள் என்று நீ பார்த்தாயே. ஆறு மாதம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. இப்போது குளிக்கும்போது பாடுகிறாள். பையன் துபாயில் இருக்கிறான், வீடு நம் பக்கம்தான். ஜூன் பன்னிரண்டு நிச்சயம் வைக்கலாம் என்கிறார்கள். நீ வராமல் எனக்கு எந்த நிச்சயமும் இல்லை. அந்தச் சாம்பல் நிறப் புடவையை மட்டும் கட்டிக்கொண்டு வந்துவிடாதே.

மாம்பழத்துக்குக் காத்திருக்கிறேன்.

உன்
வாரிஜா


குந்தாபுரா
6 மே 2022

அன்புள்ள வாரிஜா,

மனசு லேசானது. முகவரியைத் தனியே அனுப்பியிருக்கிறேன். ஏப்ரலின் இரண்டு அளவுகளையும் மறுபடி சேர்த்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் நானே திறந்து பார்த்தேன், மற்றக் கிணறுகளில் ஒன்றும் நழுவவில்லை. அமைப்பை மாற்றும்போது ஒன்று மட்டும் எப்படி நழுவும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயே பார்க்கப்போகிறாய்.

நிஷ்மிதா பாடுகிறாள் என்று படித்தது இந்தக் கோடையில் எனக்கு வந்த நல்ல சேதி. அவளுக்கு என் ஆசீர்வாதம். பையன் வீட்டார் யார் என்று எழுதாமல் விட்டாயே? நம் பக்கம் என்றால் எனக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

சாம்பல் நிறத்தைத் தவிர வேறு புடவை இருக்கிறதா என்று அலமாரியில் பார்க்கிறேன்.

உன்
கஸ்தூரி


குந்தாபுரா
17 மே 2022

வாரிஜா,

நேற்று பௌர்ணமி. குலாபி வீட்டுக் கிணற்றில் இதுவரை நாம் கண்ட அளவுகளில் நேற்றையதுதான் மிக அதிகம். அதைச் சேர்க்கும்படி உனக்கு அனுப்பவில்லை. சேர்ப்பதற்குப் பக்கம் இல்லை.

குலாபி ஃபோனை நீட்டினாள். "என் ஃபோனும் பழசாயிடுச்சு போல டீச்சர். தொட்டா ஒண்ணும் வரல." வாங்கிப் பார்த்தேன். பக்கம் கிடைக்கவில்லை என்று நம் தளமே சொல்கிறது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான். 'நீங்கள் தேடிய கிணறு இங்கே இல்லை.' அப்போது நாம் சிரித்தோம்.

இன்று காலை ஆசிரியர் அறையில் லில்லி டிசோசா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒன் ஃப்ரெண்டு கெட்டிக்காரி கஸ்தூரி. ஜயகரண்ணா வீட்டுலயே சம்பந்தம் பிடிச்சுட்டாளே!"

"எந்த ஜயகரண்ணா?"

"நம்ம ஊர்ல எத்தன ஜயகரண்ணா? இறால் பண்ணை ஜயகரண்ணாதான். ஒனக்குத் தெரியாதா? ஒங்கிட்டயே சொல்லலயா?"

"சொன்னாள்" என்றேன். நான் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள் என்று உனக்குத் தெரியும். லில்லிக்கும் தெரிந்திருக்கும்.

வாரிஜா, முதல் முறை நீ எடுத்ததை என்னால் புரிந்துகொள்ள முடியலாம். இரண்டாவது முறை என்ன செய்தாய் என்று பார். எந்த வழி அடைபடாமல் இருக்கிறது என்று நானே உனக்கு எழுதினேன். ஓர் எழுத்து விடாமல் அனுப்பு என்றாய், அனுப்பினேன். அதை வைத்துக்கொண்டு அந்த வழியையும் அடைத்தாய். நடுவில் என் சாம்பல் நிறப் புடவையைப் பற்றி ஒரு வேடிக்கை.

ஃபோன் செய்ய வேண்டாம். எழுது.

கஸ்தூரி


பெங்களூரு
19 மே 2022

கஸ்தூரி,

இரண்டு முறை ஃபோன் செய்தேன். நீ எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன்.

ஆமாம். நான்தான். அழித்துவிடவில்லை. அந்தக் கோப்பின் தலையில் 'வரைவு' என்று ஒரு சொல் சேர்த்தேன், அவ்வளவுதான். அந்தச் சொல் இருக்கும்வரை பக்கம் வெளியே வராது, எடுத்துவிட்டால் வந்துவிடும். பழைய பக்கம் சர்வரில் கிடக்கும் என்பது எனக்கு நினைவே இல்லை. நீ எழுதித்தான் தெரிந்தது. அதைப் படித்ததும் பயந்துபோனேன். உன்னை நினைத்து அல்ல, இத்தனை நாள் அது திறந்து கிடந்திருக்கிறதே என்று. பார், உண்மையை எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்மை, நீ நம்ப மாட்டாய். ஜயகரண்ணா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்ச்சில் பெண் பார்க்க வந்தபோது, கோழி ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே, "நீங்க கம்ப்யூட்டர்ல என்னம்மா செய்யறீங்க?" என்றார். வேறொன்றுமில்லை, பேச்சுக்குக் கேட்டார். நிஷ்மிதா உள்ளே கண்ணாடி முன் நின்றிருந்தாள். அவர்கள் கார் ஏறியதும் உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சேர்த்தேன். யாரும் கேட்பதற்கு முன்னால் செய்துவிட்டால் பிறகு கேட்பதற்கு ஒன்றும் இருக்காதே என்று.

ஒரு பக்கம், கஸ்தூ. மற்றக் கிணறுகள் எல்லாம் இருக்கின்றன. நிச்சயம் ஜூன் பன்னிரண்டு. பதின்மூன்றாம் தேதி காலை அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறேன். என் பெண்ணின் மேல் சத்தியம். உனக்குப் பிள்ளை இல்லை, உனக்குப் புரியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தண்ணீர்க் கிணற்றையும் என் பெண்ணையும் ஒரே தராசில் வைக்கும்படி என்னிடம் கேட்காதே.

வாரிஜா


குந்தாபுரா
21 மே 2022

வாரிஜா,

சொல்ல மாட்டேன் என்று எழுதியே சொல்லிவிட்டாய். போகட்டும்.

பதின்மூன்றாம் தேதி விசாரணை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். அது உனக்கும் தெரியும். தராசில் நீ வைத்தது கிணற்றை அல்ல, குலாபியை. நான்கு வருட அமாவாசைகளும் பௌர்ணமிகளும் வரைவு அல்ல.

நான் எழுதிய கோப்புகள் எல்லாம் என்னிடமும் இருப்பதால், தளத்தை நானே எழுப்ப முடியுமா என்று கல்லூரிக் கணினியில் முயன்றேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. கோப்பின் தலையில் இருக்கும் வரிகளில் ஓர் இடைவெளி பிசகினாலும் மொத்தத் தளமும் எழ மறுக்கிறது. தேதியைத் தவறி அடுத்த மாதமாகப் போட்டிருந்தேன். இன்னும் வராத நாளின் பக்கத்தை அது காட்டாதாம். இதையெல்லாம் நீ இத்தனை காலம் ஒரு முனகல் இல்லாமல் செய்திருக்கிறாய். அதையும் குறித்துக்கொள்கிறேன். நேற்று மாலை தளம் எழுந்தது. குலாபி வீட்டுக் கிணறு தன் இடத்தில் இருந்தது. இலவசமாகக் கிடைத்த ஒரு முகவரியில் ஏற்றினேன்.

ஆனால் அந்த முகவரி யாருக்கும் தெரியாது. கிணற்றுச் சுவர்களில் நீல வண்ணத்தில் எழுதியிருப்பதும், குலாபியின் மனுவில் இருப்பதும் உன் பெயரில் பதிந்த முகவரி. அதிகாரி தன் ஃபோனில் அதைத்தான் திறப்பார். நான் நேற்று ஏற்றிய பக்கத்தையோ அச்சடித்த தாளையோ நீட்டினால், டீச்சர் வீட்டில் உட்கார்ந்து எழுதினாள் என்பார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சந்தேகப்படுவேன். அந்தப் பக்கம் நான்கு வருடமாக ஊர் முன்னால் திறந்து கிடந்தது என்பதுதான் அதற்குச் சாட்சி. அதைத்தான் நீ எடுத்துவிட்டாய்.

இரண்டில் ஒன்று கேட்கிறேன். அந்தச் சொல்லை எடு. அல்லது முகவரியை எனக்கு மாற்றிக் கொடு, பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பு. ஜயகரண்ணா கேட்டால், கஸ்தூரி பிடுங்கிக்கொண்டாள் என்று சொல். மறுக்க மாட்டேன்.

கஸ்தூரி


குந்தாபுரா
25 மே 2022

வாரிஜா,

பதில் இல்லை. காலையில் பார்த்தேன், பக்கமும் இல்லை.

குலாபி நேற்று வந்திருந்தாள். நாளைக்கு உடுத்த மகளிடம் ஒரு புடவை இரவல் வாங்கியிருக்கிறாள். "ஆபீசர் பாத்தா எல்லாம் தெரிஞ்சுடும் இல்ல டீச்சர்? நான் ஒண்ணும் பேச வேண்டியதில்லயே?" என்று கேட்டாள். இன்னும் அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று உன்னைக் கேட்கவில்லை, சொல்லவில்லை என்பதைத் தெரிவிக்கிறேன்.

நாளை பதினொரு மணிக்கு.

கஸ்தூரி


குந்தாபுரா
26 மே 2022

வாரிஜா,

இன்று நடந்ததை எழுதுகிறேன். நீ வேறு யார் மூலமாவது கேட்பதற்கு முன் என்னிடமிருந்து தெரிந்துகொள்வது முறை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் ஜயகரண்ணா, வெள்ளைச் சட்டை, வாயில் வெற்றிலை. எனக்குக் கைகூப்பி, "டீச்சருக்கு உடம்பு நல்லா இருக்கா? வெயில்ல அலையாதீங்க" என்றார். அவரைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அதிகாரி இளைஞர். மனுவைப் படித்து, தன் ஃபோனில் முகவரியைத் தட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "குலாபி வீட்டுக் கிணறு. இருக்கே" என்றார்.

இருந்தது. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் பார்க்கவில்லை. பட்டியலில் தன் இடத்தில், நான்கு வருட அளவுகளோடு, மே பௌர்ணமியின் அளவைத் தவிர எல்லாவற்றோடும் இருந்தது. ஒரு நிமிடம் உன்னை எப்படி நினைத்தேன் என்று எழுத மாட்டேன். அது எனக்குள் இருக்கட்டும்.

அதிகாரி விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் நின்று உரக்கப் படித்தார்: "இக்கிணற்றின் அளவுகள் கஸ்தூரி என்பவரால் தனியாக எடுக்கப்பட்டவை. வேறு எவரும் சரிபார்க்கவில்லை."

என்பவரால். முப்பது வருடம் பழகிய பிறகு.

அதற்குக் கீழே, தளத்தை நடத்துவோர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. பக்கத்தைத் திரும்ப வைத்துவிட்டு, உன் பெயரை எடுத்துக்கொண்டு நீ வெளியே போய் நின்றுகொண்டாய். அதில் உனக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் போகிற போக்கில் அந்த இரண்டு வரிகளை ஏன் எழுதினாய்?

"பாருங்க சார், அவங்களே போட்டிருக்காங்க" என்றார் ஜயகரண்ணா. "ஒரு டீச்சர் லீவு நாள்ல வந்து குச்சிய விட்டுப் பாத்தா அது சர்க்கார் கணக்காயிடுமா? என் பேத்திகூட டாக்டர் வெளையாட்டு வெளையாடும், ஊசி போடும்." மண்டபம் சிரித்தது. நம் ஊர்க்காரர்கள், இதே கிணறுகளில் தண்ணீர் எடுப்பவர்கள், சிரித்தார்கள்.

"இது சரியா மேடம்?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். "நீங்க ஒருத்தர்தான் அளந்தீங்களா?"

நான் எழுந்திருப்பதற்குள் குலாபி எழுந்துவிட்டாள். பேச வேண்டியதில்லையே என்று கேட்டவள்தான்.

"யாரு சொன்னது? ரெண்டு பேரு வந்தாங்க சார். மொதமொதல்ல கிணத்துக்குள்ள கயிறு விட்டதே இன்னொரு அக்காதான். டீச்சர் மேல நின்னு எழுதிக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் லீவுக்கு லீவு வந்தாங்க. டீச்சர் ஒரு தடவ அளந்தா, அவங்க இன்னொரு தடவ அளப்பாங்க. எனக்கே சிரிப்பா இருக்கும், தண்ணிக்கு என்ன ரெண்டு தடவ ஜோசியம்னு. அப்புறம் எங்க வீட்டுல கஞ்சி. காஞ்ச செம்மீன் சட்னி வெச்சா இன்னொரு கை போடு குலாபிம்பாங்க."

"அவங்க பேரு என்னம்மா?"

"பேரு..." குலாபி யோசித்தாள். "கண்ணாடி போட்ட அக்கா. பெங்களூரு அக்கா. அக்கான்னுதான் கூப்பிடுவேன். டீச்சருக்குத் தெரியும், கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜயகரண்ணாவும் பார்த்தார். நிஷ்மிதா குளிக்கும்போது பாடுகிறாள் என்று நீ எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக மட்டுமே சொன்னேன் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. அந்த இரண்டு வரிகளும் என் காதில் இருந்தன.

உன் பெயரைச் சொன்னேன்.

"யாரு, நம்ம வாரிஜாவா?" என்று ஜயகரண்ணா சிரித்தார். பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. ஜயகரண்ணா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"அப்ப ரெண்டு பேர் அளந்திருக்காங்க, தளத்துல ஒருத்தர்னு போட்டிருக்கு" என்றார் அதிகாரி. "அவங்களையும் கூப்பிட்டுக் கேக்கணும். அவங்க வந்து சொல்ற வரைக்கும் நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்." உன் விலாசத்தைக் கேட்டார். கொடுத்தேன். உனக்கு அழைப்பு வரும்.

பெயரையும் விலாசத்தையும் எழுதி, தாளை என் பக்கம் திருப்பி, "சரியா இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்றேன்.

கஸ்தூரி